சபைக் கூச்சமும் பிறர் முகமும்

சார்லஸ் டார்வின் 1872-ஆம் ஆண்டில் வெளியிட்ட, மனிதரிடத்தும் விலங்குகளிடத்தும் உணர்ச்சிகள் வெளிப்படும் விதத்தைப் பற்றிய நூலில், சினம், அச்சம், துயரம், களிப்பு, அருவருப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து முடித்த பிறகு, ஏறக்குறைய நூலின் இறுதியில், நாணத்தால் முகம் சிவத்தல் என்ற ஒரு விஷயத்துக்கென்றே தனி அத்தியாயம் ஒன்றை ஒதுக்கினார். மெய்ப்பாடுகள் எல்லாவற்றிலும் மனிதனுக்கே சிறப்பாக உரியது அதுதான் என்பது அவருடைய துணிபு. குரங்கின் முகம் கோபத்தால் சிவப்பதுண்டு. நாணிச் சிவக்கும் விலங்கு ஒன்று உண்டென்று யாரேனும் சொன்னால், அதை நம்புவதற்கு மிக வலுவான சான்று வேண்டும் என்று அவர் கருதினார். கைக்குழந்தைகள் நாணிச் சிவப்பதில்லை. ஆனால் கண்பார்வையும் செவிப்புலனும் ஒருங்கே இழந்த லாரா பிரிட்ஜ்மன் என்ற அமெரிக்கப் பெண் சிவந்தாள் என்ற செய்தியை அவர் கேட்டறிந்து பதிவு செய்திருக்கிறார். கறுத்த மேனியுடைய மக்களிடத்தும் இது நிகழ்கிறதா என்று பல தேசங்களில் வாழ்ந்தவர்களுக்குக் கடிதம் எழுதி விசாரித்து, நிறமாற்றம் கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் நிகழ்ச்சி மனிதகுலம் முழுவதற்கும் பொதுவாகவே இருக்கவேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். நம்மில் பெரும்பாலோருக்குச் சிவப்பு வெளியே தெரிவதில்லை. ஆயினும் காதுமடல் சுடுவதையும் கன்னத்தில் வெப்பம் பரவுவதையும் அறியாதவர் யார்?

அந்த அத்தியாயத்தில் டார்வின் கண்டு சொன்னவற்றுள் மிக ஆழமானது, மனிதன் தன்னைப் பற்றித் தானே நினைப்பதனால் மட்டும் நாணுவதில்லை, பிறர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று நினைப்பதனாலேயே நாணுகிறான் என்பதாகும். தனியறையில் உட்கார்ந்து, நேற்று நடந்த ஒன்றை நினைத்துக் கூசுகிறவனும் தன் கற்பனையில் யாரோ ஒருவர் முன்னிலையில்தான் நிற்கிறான். அப்படியானால், கூச்சம் என்ற ஒன்று தோன்றுவதற்கு முன்னால், எதிரே இருப்பவருக்கும் தனக்குள்ளது போன்ற ஒரு மனம் உண்டென்பதும், அந்த மனத்தில் தன்னைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உருவாகக்கூடும் என்பதும் அந்த உயிருக்குத் தெரிந்திருக்கவேண்டும். பிறர் துயரத்தைக் கண்டு கலங்கச் செய்கிற அதே அறிவுதான் பிறர் பார்வையைக் கண்டு கூசவும் செய்கிறது. ஒத்துணர்ச்சிக்கும் சபைக் கூச்சத்துக்கும் உள்ள இந்த உறவு, பின்வந்த ஆராய்ச்சிகளால் எப்படியெல்லாம் விளங்கியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நாணத்தின்போது முகத்துக்கு இரத்தம் பாய்வதற்கு டார்வின் கற்பித்த காரணத்தை இன்றைய உடலியலார் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் கவனத்துக்கும் கன்னத்துக்கும் உள்ள தொடர்பை அவர் ஊகித்தது வீண்போகவில்லை. ஆஸ்திரேலியாவில் பீட்டர் டிரம்மண்ட் என்பவர் சகாவுடன் சேர்ந்து 2004-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஒருவருடைய முகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் மற்றொருவர் உற்று நோக்கும்படி செய்து, இரு கன்னங்களிலும் ஓடும் இரத்தத்தின் அளவைத் தனித்தனியே கருவியால் அளந்தார்கள். பார்க்கப்பட்ட பக்கத்தில் இரத்த ஓட்டம் மிகுந்தது. பிறர் கண் படுகிற இடம் இதுவென்று தோல்கூட உணர்ந்துகொள்கிறது என்பதை இதைக் காட்டிலும் பிரத்தியட்சமாகக் காட்டும் சோதனை ஒன்றை நான் அறியேன்.

கூச்சம் என்பது மனித சுபாவம். அதில் வெட்கப்படவோ வைத்தியம் தேடவோ ஒன்றுமில்லை. ஆனால் அதே கூச்சம் சிலரிடத்தில் வாழ்க்கையையே குறுக்கிவிடும் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. பாம்பைக் கண்டு அஞ்சுவதும், உயரத்தைக் கண்டு அஞ்சுவதும், திறந்த வெளிகளைக் கண்டு அஞ்சுவதும், மனிதர் கூட்டத்தில் தான் கவனிக்கப்படுவதைக் கண்டு அஞ்சுவதும் ஒரே நோயின் பல வடிவங்கள் அல்ல. அவை தொடங்கும் வயதே வேறுவேறானது என்பதை லண்டன் மாநகரில் ஐசக் மார்க்ஸ், மைக்கேல் கெல்டர் என்ற இரு மருத்துவர்கள் 1966-இல் எடுத்துக் காட்டினார்கள். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலில், கூட்டத்தில் கவனிக்கப்படுவதைப் பற்றிய இந்த அச்சம் தனிநோயாக இடம் பெற்றது. அந்நாட்டில் எடுக்கப்பட்ட பெரிய கணக்கெடுப்பு ஒன்றின்படி, நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவில் வாழ்நாளில் ஏதேனும் ஒரு காலத்தில் இதற்கு ஆளாகிறார்கள். பாதிப்பேருக்கு இது பதின்மூன்று வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது.

இந்த நோயுடையவர் ஒருவர் கல்யாண வீட்டில் காப்பி வாங்கும் காட்சியைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். கை நடுங்கினால் நாலு பேர் பார்ப்பார்களே என்பது அவருடைய பயம். ஆகவே டம்ளரை வாங்கும்போதே பாதியளவு போதும் என்கிறார். வாங்கியதை இரண்டு கையாலும் இறுகப் பிடிக்கிறார். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்கிறார். எல்லாரும் வேறுபக்கம் திரும்பும் சமயம் பார்த்து ஒரே மூச்சில் குடித்துவிடக் காத்திருக்கிறார். இறுகப் பிடித்த தசை நடுங்குவது இயல்பாதலால், சாதாரணமாகப் பிடித்திருந்தால் அசையாமல் இருந்திருக்கக்கூடிய கை இப்போது உண்மையாகவே நடுங்குகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், “தம்பி எந்த ஊர்?” என்று கேட்கிறார், டம்ளரிலேயே புலனை நாட்டியிருப்பவர் ஒரு சொல்லில் விடை கூறி நிறுத்திவிடுகிறார். பெரியவர் சற்றுநேரம் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொள்கிறார். தன்னை அவருக்குப் பிடிக்கவில்லை என்று இவர் தீர்மானித்துவிடுகிறார். இவருக்குத் தன்னோடு பேச விருப்பமில்லை என்று அவரும் தீர்மானித்துவிடுகிறார். நடுக்கத்தை மறைப்பதற்கென்று கையாண்ட உபாயங்களே நடுக்கத்தையும் தனிமையையும் விளைவித்தன என்பதை அங்கே எடுத்துச் சொல்வார் யாருமில்லை.

பிறர் பார்வைக்கு உடல் எவ்வளவு அஞ்சுகிறது என்பதை அளக்க ஜெர்மனியிலுள்ள டிரியர் பல்கலைக்கழகத்தில் 1993-இல் ஒரு சோதனை முறை வகுத்தார்கள். இன்றும் உலகெங்கும் அது கையாளப்படுகிறது. சோதனைக்கு உட்படுபவர் முன்பின் அறியாத மூவர் முன்னிலையில் ஐந்து நிமிஷம் தம்மைப் பற்றிப் பேசவேண்டும். பிறகு 1022 என்ற எண்ணிலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வாய்விட்டுச் சொல்லவேண்டும். தவறினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். இவ்வளவும் செய்தவர்களின் உமிழ்நீரில் கார்ட்டிஸால் என்ற சுரப்புநீர் இரண்டு மடங்கு முதல் நான்கு மடங்குவரை உயர்ந்தது. இதில் நான் விசேஷமாகக் கருதுவது வேறொன்று. எதிரே அமர்ந்திருக்கும் மூவரும் முகத்தில் எந்தக் குறிப்பும் காட்டாமல் இருக்கும்படி பயிற்சி பெற்றவர்கள். அவர்கள் ஏளனம் செய்வதில்லை, கோபிப்பதில்லை, குறை கூறுவதுமில்லை. எதையும் தெரிவிக்காத முகமே போதும்; மிச்சத்தைப் பார்ப்பவனுடைய மனம் தானே எழுதிக்கொள்கிறது.

சபைக் கூச்சம் உடையவர்களைப் பற்றி உலகத்தில் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. பிறருடைய முகக்குறிப்பை அறியும் திறமை இல்லாததால்தான் இவர்கள் நாலு பேரோடு பழகத் தெரியாமல் ஒதுங்குகிறார்கள் என்பது ஒன்று. இவர்கள் மற்றவர்களைவிட நுட்பமாக உணரக்கூடியவர்கள், ஒரு புருவத்தின் நெளிவுகூட இவர்களுக்குத் தப்பாது, அதனாலேயே புண்படுகிறார்கள் என்பது மற்றொன்று. திருக்குறளின் பொருட்பாலில் குறிப்பறிதல், அவையறிதல், அவையஞ்சாமை என்ற மூன்று அதிகாரங்களும் 71, 72, 73 என்று அடுத்தடுத்து நிற்பதைப் பலரும் கவனித்திருப்பார்கள். முகத்தைக் கண்டு அகத்தை அறிவதும், சபையின் தன்மையை அறிவதும், சபைக்கு அஞ்சாமல் இருப்பதும் அமைச்சனுக்கு வேண்டிய ஒரே பயிற்சியின் படிகள் என்று வள்ளுவர் கருதியிருக்கவேண்டும். குறிப்பறிதல் என்ற அதே தலைப்பு காமத்துப்பாலில் 110-ஆம் அதிகாரமாக மறுபடியும் வருகிறது. அரசவைக்கும் காதலுக்கும் பொதுவான திறமை அது ஒன்றே போலும். அமைச்சனுக்கு வகுத்த அந்த வரிசையை அஞ்சுகிறவனிடத்தில் வைத்துப் பார்த்தால், குறிப்பறிதல் குறைந்ததனால் அவையச்சம் வந்ததா, அவையச்சத்தால் குறிப்பறிதல் குறைந்ததா என்ற கேள்வி எழுகிறது.

இதற்கு விடை தேடும் வழியில், அச்சமே அறியாத ஒரு பெண்மணியின் சரித்திரம் உதவுகிறது. மருத்துவ ஏடுகளில் இரண்டு எழுத்துகளால் மட்டுமே குறிக்கப்பெறும் அந்த அமெரிக்கப் பெண்மணிக்கு, மூளையின் இரு பக்கங்களிலும் பாதாம்பருப்பின் வடிவில் அமைந்துள்ள அமிக்டலா என்ற பகுதி அபூர்வமான நோயொன்றினால் அழிந்துவிட்டது. ரால்ஃப் அடால்ஃப்ஸும் அவருடைய சகாக்களும் 1994-இல் அவரைச் சோதித்தபோது, மகிழ்ச்சி முதலான உணர்ச்சிகளை முகங்களில் கண்டுகொண்ட அவரால், அச்சம் எழுதியிருக்கும் முகத்தை மட்டும் இன்னதென்று சொல்ல முடியவில்லை. அச்சத்தை அறியும் உறுப்பு அழிந்ததால் அச்சம் புலப்படவில்லை என்று அப்போது விளக்கம் கூறினார்கள். பதினோரு ஆண்டுகள் கழித்து, அவர் முகங்களைப் பார்க்கும்போது கண் எந்தெந்த இடத்தில் தங்குகிறது என்பதைக் கருவியால் குறித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது: அவர் எதிரே இருப்பவரின் கண்களைப் பார்ப்பதே இல்லை. அச்சமோ பெரும்பாலும் விரிந்த கண்களில் இருக்கிறது. “கண்களைப் பாருங்கள்” என்று சொன்ன மாத்திரத்தில், மற்றவர்களைப் போலவே அவரும் அச்சத்தை அறிந்து சொன்னார். சொல்வதை நிறுத்தினால் பழையபடியே ஆனார். அறியும் திறமை அழியவில்லை. அறியவேண்டிய இடத்துக்குக் கண் தானாகச் செல்லவில்லை என்பதே குறை.

அமிக்டலா அழிந்த இவருக்கு நேர் எதிரானவர்கள் சபைக் கூச்சத்தால் வருந்துகிறவர்கள். அவர்களுடைய அமிக்டலா கடுத்த முகங்களைக் கண்டால் மற்றவர்களுடையதைவிட மிகுதியாகக் கிளர்ச்சியடைகிறது. ஆயினும் விபரீதமாக, அவர்களும் கண்களைத் தவிர்க்கிறார்கள். கே ஹார்லியும் சகாக்களும் ஆஸ்திரேலியாவில் 2003-இலும் அடுத்த ஆண்டிலும் வெளியிட்ட ஆய்வுகளில், இந்நோயுடையவர்களின் பார்வை முகத்தின் மேல் நிலைகொள்ளாமல் இங்குமங்கும் அலைந்து, கண்களை மட்டும், அதிலும் கோபமான முகத்தின் கண்களை, விலகிச் செல்வதைக் காட்டினார்கள். முகத்தில் மிகுதியான செய்தி இருக்கிற இடமே அவர்கள் மிகக் குறைவாகப் பார்க்கும் இடமாகிவிடுகிறது.

பார்த்தவர்களுக்கும் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தது போலவே, சென்ற நூற்றாண்டில் பால் எக்மன் முதலானோர் உலகெங்கும் மாறாத சில அடிப்படை உணர்ச்சிகளுக்கு மாறாத முகங்கள் உண்டென்று நாட்ட முயன்றார்கள். ஆனால் கண் அகல விரிந்து, வாய் திறந்து, மூச்சைப் பிடித்த முகத்தை மேல்நாட்டார் அச்சம் என்று படிக்க, பசிபிக் கடலிலுள்ள டிரோப்ரியாண்ட் தீவுகளின் இளைஞர்கள் அதே முகத்தை மிரட்டும் முகம் என்று படித்தார்கள் என்பதை 2016-இல் கார்லோஸ் கிரிவெல்லியும் சகாக்களும் வெளியிட்டார்கள். இருவர் உரையாடுவதைப் படம்பிடித்து, அந்தந்தக் கணத்தில் இன்னது நினைத்தேன் என்று ஒருவர் எழுத, அதை மற்றவர் ஊகிக்கும்படி செய்து ஒப்பிடும் முறையை வில்லியம் இக்கஸ் என்பவர் கையாண்டார். அதில் முன்பின் அறியாதவர்கள் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கே சரியாக ஊகித்தார்கள். நெருங்கிய நண்பர்களும் தம்பதிகளுங்கூட மூன்றில் ஒரு பங்கைச் சார்ந்தே நின்றார்கள். பிறர் மனத்தை அறிவதில் நாம் எல்லாருமே அரைகுறைதான். வெளியே தைரியமாகப் பழகுகிறவனும் பெரும்பகுதி தவறாகவே படிக்கிறான். தவறைப் பொருட்படுத்தாமல் மேலே பேசிக்கொண்டு போகிறான், அவ்வளவே.

அஞ்சுகிறவன் செய்யும் பிழைக்கு ஒரு தனிப் போக்கு உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டயன் ஹெஸலும் ரிச்சர்ட் மக்நாலியும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோயுடையவர்கள் பிறரிடத்தில் உள்ளதைக் காணாமல் விட்டதைக் காட்டிலும், இல்லாததைக் கண்டதே மிகுதி என்று தெரியவந்தது. பிறர் உணர்ச்சிகளுக்கு உள்ளதைவிட அதிக வேகத்தையும், பிறர் நினைப்புகளுக்கு உள்ளதைவிட அதிக அர்த்தத்தையும் அவர்கள் கற்பித்தார்கள். மேலதிகாரி கொட்டாவி விட்டால் தூக்கமின்மை என்று கொள்ளாமல் தன் பேச்சின் மேல் வெறுப்பு என்று கொள்வது இந்த வகை. முன்சொன்ன இரண்டு அபிப்பிராயங்களில் எதுவும் முழு உண்மையன்று என்பது இதனால் விளங்கும். இவர்கள் குருடரும் அல்லர், தீர்க்கதரிசிகளும் அல்லர். பிறர் முகத்தில் தம்மைப் பற்றிய தீர்ப்பு ஒன்றையே தேடுகிறார்கள், தேடுவதால் அதையே காண்கிறார்கள்.

இதன் உட்காரணத்தை 1995-இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் உளவியலார் தெளிவாக வகுத்துரைத்தார்கள். கூட்டத்தில் நுழைந்த கணத்திலேயே அஞ்சுகிறவனுடைய கவனம் வெளியிலிருந்து உள்ளே திரும்பிவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறதா, குரல் கம்முகிறதா, வியர்க்கிறதா என்று தன்னையே காவல் காக்கிறான். உள்ளே உணர்வதை வைத்து, வெளியே தான் எப்படித் தோன்றுகிறோம் என்ற ஒரு சித்திரத்தைத் தீட்டிக்கொள்கிறான். அந்தச் சித்திரத்தையே பிறர் காண்பதாக நம்புகிறான். ஆன் ஹாக்மன் முதலானோர் 1998-இல் நோயாளிகளை விசாரித்தபோது, அவர்களுள் பலர் கூட்டத்தில் நிற்கும்போது தம்மைத் தாமே வெளியேயிருந்து, ஒரு பார்வையாளன் பார்ப்பது போலக் காண்பதாகச் சொன்னார்கள். விளக்கெரியும் அறையில் நின்றுகொண்டு இரவு நேரத்தில் சன்னல் கண்ணாடி வழியே தெருவைப் பார்க்க முயல்கிறவனுக்குத் தெருவுக்குப் பதிலாகத் தன் முகமே தெரிவது போன்றது இது. அந்தச் சித்திரங்களுள் பல, இளம்பருவத்தில் நேர்ந்த ஏதோ ஓர் அவமானத்தின் நாளிலிருந்து மாறாமலே இருப்பவை என்பதைப் பின்னர் அதே ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். நாற்பது வயதான ஒருவர், பள்ளிக்கூடத்து வகுப்பறையில் எல்லாரும் சிரித்தபோது தோன்றிய தம் முகத்தைத்தான் இன்றும் தம்முடைய முகமென்று சுமந்துகொண்டு கூட்டங்களுக்குள் நுழைகிறார் என்றால், அது எவ்வளவு பெரிய துன்பம்!

ஒத்துணர்ச்சியின் கதி இங்கே என்ன ஆகிறது? லண்டனில் டானியா சிங்கரும் சகாக்களும் 2004-இல் வெளியிட்ட பிரசித்தமான சோதனையில், பதினாறு பெண்களின் மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் வைத்து, பக்கத்திலிருக்கும் தம் காதலருடைய கையில் மின்சாரத்தால் வலி உண்டாக்கப்படுகிறது என்பதை அவர்களுக்கு அறிவித்தார்கள். வலியின் துன்பத்தை உணர்த்தும் மூளைப் பகுதிகள் அவர்களிடத்திலும் கிளர்ந்தன. வலி உடம்பில் எந்த இடத்தில், எவ்வளவு என்று தெரிவிக்கும் பகுதிகள் கிளரவில்லை. பிறர் துன்பம் இப்படி நம்முள் ஓரளவு மெய்யாகவே நுழைந்துவிடுகிறது. நுழைந்த பிறகு இரண்டு வழிகள் உண்டு. நான்சி ஐசன்பர்க் என்ற அமெரிக்க உளவியலார், பிறர் துன்பத்தைச் சித்திரிக்கும் திரைக்காட்சிகளைக் காண்போரின் இதயத்துடிப்பை அளந்தார். சிலருக்குத் துடிப்பு சற்றே தணிந்தது. வெளியே உள்ள ஒன்றின் மேல் கவனம் ஊன்றும்போது இதயம் தணிவது இயல்பு. அவர்கள் பின்னர் உதவி செய்யவும் முன்வந்தார்கள். சிலருக்கோ துடிப்பு விரைந்தது. அவர்கள் அந்தத் துன்பத்தால் தாமே கலங்கி, அதிலிருந்து விலகிவிடவே விரும்பினார்கள். முன்னது அனுதாபம், பின்னது தன்கலக்கம். சபைக் கூச்சம் மிகுந்தவர்களிடம் இந்தத் தன்கலக்கமும் மிகுந்து காணப்படுகிறது.

துக்கம் விசாரிக்கப் போகும் வீட்டை நினைத்துப் பாருங்கள். உள்ளே நுழைந்தவர் கல்மனம் படைத்தவரல்லர். வழியெல்லாம் இறந்தவரை நினைத்து நெஞ்சு கனத்தே வந்திருக்கிறார். ஆனால் வாசலில் செருப்பை விடும்போதே, உள்ளே போய் என்ன சொல்வது, கைகூப்புவதா, கையைப் பற்றுவதா, முதலில் பேசுவதா, அவர்கள் பேசக் காத்திருப்பதா, எவ்வளவு நேரம் உட்கார்ந்தால் முறை என்ற கேள்விகள் அவரைச் சூழ்ந்துகொள்கின்றன. தாயை இழந்தவர் கடைசி நாட்களைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார், இவர் தலையசைக்கிறார், அடுத்து தான் சொல்லவேண்டிய வாக்கியத்தை உள்ளே கோத்துக்கொண்டிருப்பதால் சொன்னது காதில் விழவில்லை. சற்று நேரத்தில் எழுந்து விடைபெற்றுக்கொண்டு போய்விடுகிறார். “வந்தான், ஒட்டாமல் உட்கார்ந்திருந்தான், போனான்” என்று வீட்டார் பேசிக்கொள்கிறார்கள். அன்பு இருந்தது, அது போய்ச் சேர வேண்டிய கவனத்தைத் தன்னைப் பற்றிய விசாரம் எடுத்துக்கொண்டுவிட்டது. இப்படிப்பட்டவர்களை இதயமற்றவர்கள் என்று முத்திரை குத்துவதைப் போன்ற அநியாயம் வேறில்லை என்று நான் நினைக்கிறேன்.

தன்னைப் பற்றிய விசாரத்தையும் பிறரைப் பற்றிய பரிவையும் பிரிக்கவே முடியாத ஒரு வடிவத்தை ஜப்பானிய மருத்துவர்கள் வெகுநாளாக அறிந்திருக்கிறார்கள். தைஜின் கியோஃபுஷோ என்று அவர்கள் வழங்கும் நோயில், தான் அவமானப்படுவோமோ என்பதைவிட, தன் பார்வையோ முகச் சிவப்போ உடல் நாற்றமோ பிறரைச் சங்கடப்படுத்திவிடுமோ என்பதே பெரிய அச்சமாக நிற்கிறது. மோரிடா ஷோமா (1874–1938) என்ற மருத்துவர் இத்தகையவர்களுக்கென்று வகுத்த சிகிச்சையில், அச்சத்தை விரட்டப் போராடுவதை விட்டுவிட்டு, அது இருக்கிறபடியே இருக்க, கைக்கு முன்னுள்ள வேலையில் ஈடுபடும்படி பழக்கினார்கள்.

அஞ்சுகிறவர் பிறர் கண்ணில் எவ்வளவு தெரிகிறார் என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் மாணவர்களுக்கு, அணியவே கூச்சப்படும்படி ஒரு பாடகரின் உருவம் பொறித்த சட்டையை அணிவித்து, பலர் அமர்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் மதிப்பிட்டார்கள். உண்மையில் கவனித்தவர்கள் நாலில் ஒரு பங்கினரே. புதிதாகச் சந்தித்துப் பேசியவர்கள், தாம் அடுத்தவருக்கு எவ்வளவு பிடித்தவராகத் தோன்றினோம் என்பதை உள்ளதைவிடக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள் என்பதை எரிகா பூத்பி முதலானோர் 2018-இல் காட்டினார்கள். முகம் சிவப்பதோ, டச்சு ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் கண்டபடி, தவறு செய்தவரைப் பார்ப்பவர் கண்ணில் சற்று நல்லவராகவே ஆக்குகிறது. தவறை உணர்ந்தவன் என்ற சாட்சியை அது தருகிறது போலும். மேடை நடுக்கம் சபையோருக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை என்ற ஒரே செய்தியை முன்கூட்டிச் சொல்லிவிட்டால், அதைக் கேட்டவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாகவும் நிதானமாகவும் பிரசங்கம் செய்தார்கள் என்பது 2003-இல் வெளிவந்த சோதனை முடிவு.

ஆயினும் நோயாக முற்றியவர்களுக்குச் சொல்லளவில் தரும் தேறுதல் போதாது. கிளார்க் வகுத்த சிகிச்சை இதனை அறிந்தே அமைந்தது. நோயாளி முதலில் ஒரு புதியவரோடு, வழக்கம்போல் தன்னைக் கவனித்துக்கொண்டும், டம்ளரை இறுகப் பிடித்ததைப் போன்ற காப்பு உபாயங்கள் அனைத்தையும் கையாண்டுகொண்டும் உரையாட வேண்டும். அடுத்து, அவற்றை எல்லாம் விட்டுவிட்டு, எதிரே இருப்பவர் சொல்வதிலும் அவருடைய முகத்திலுமே கவனத்தை வைத்து உரையாட வேண்டும். இரண்டாம் முறை அச்சம் பெருகிவிடும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். குறைந்திருப்பதைக் கண்டு வியக்கிறார்கள். பிறகு, அந்த உரையாடல்களைப் பதிவு செய்த வீடியோவைப் போட்டுக் காட்டுவதற்கு முன்னால், தாம் அதில் எப்படித் தோன்றப் போகிறோம் என்பதை விவரமாகச் சொல்லச் செய்து, அதன்பின் முன்பின் அறியாத யாரோ ஒருவரைப் பார்ப்பது போலப் பார்க்கச் சொல்கிறார்கள். செக்கச்செவேலென்று சிவந்திருப்பேன் என்று சொன்னவர், கன்னத்தில் இலேசான நிறமாற்றம் உள்ள ஒரு சாதாரண மனிதரைக் காண்கிறார். 2003-இல் வெளியான சோதனையில் இந்தச் சிகிச்சை, வழக்கமாகக் கொடுக்கப்படும் மருந்து ஒன்றைவிடவும் நல்ல பலனைத் தந்தது.

பிறர் மனத்தை அறிய ஆசைப்படுகிறவர்களுக்கு மற்றொரு செய்தியும் உண்டு. அவருடைய இடத்தில் நம்மை வைத்து நினைத்துப் பார்த்தால் அவர் மனம் விளங்கும் என்பது பொதுவான நம்பிக்கை. தல் இயால், மேரி ஸ்டெஃபல், நிக்கலஸ் எப்ளி ஆகிய மூவர் 2018-இல், இருபத்தைந்து சோதனைகளின் வாயிலாக இதைப் பரிசோதித்து, அப்படி நினைத்துப் பார்ப்பதால் ஊகம் துல்லியமடைவதில்லை என்பதையும், அவரையே கேட்டுவிடுவதால் துல்லியமடைகிறது என்பதையும் நிறுவினார்கள். கூச்சமுடையவர் இரவெல்லாம் விழித்து, “அவர் அப்படிப் பார்த்தாரே, என்ன நினைத்திருப்பார்?” என்று மனத்துக்குள் நடத்தும் விசாரணையில் சாட்சி, நீதிபதி எல்லாம் அவரே. துக்க வீட்டில் தயங்கி உட்கார்ந்திருந்தவருக்கும் இதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. அடுத்து என்ன சொல்வதென்று கோக்க வேண்டியதில்லை, “அம்மா கடைசியில் யாரையாவது கேட்டார்களா?” என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் செவி கொடுத்தால் போதும், பேசுகிறவர் பேசுவார்.

நம் நாட்டில் இந்த நோய் மறைந்தே கிடப்பதற்கு ஒரு காரணம் நமது பாராட்டு என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டுக்கு யாராவது வந்தால் அறைக்குள் ஓடிவிடும் பெண்ணை அடக்கமானவள் என்றும், வகுப்பில் வாய் திறக்காத பையனைச் சாது என்றும் மெச்சுகிறோம். அவர்களுள் பெரும்பாலோர் உண்மையிலேயே அமைதியான சுபாவம் உடையவர்கள். அவர்களை வம்புக்கு இழுக்க வேண்டியதில்லை. ஆனால் நாளை வகுப்பில் எழுந்து நின்று படிக்கவேண்டும் என்பதற்காக இன்றிரவு உறங்காத பிள்ளையும் அதே வரிசையில் அமர்ந்திருக்கிறான். நோய் தொடங்கி, பத்தாண்டுகளுக்கு மேல் ஆன பிறகே பலர் மருத்துவரை நாடுகிறார்கள். அதற்குள் படிப்பு, உத்தியோகம், கல்யாணம் எல்லாம் அந்த அச்சத்துக்கு ஏற்பவே தீர்மானமாகிவிடுகின்றன. அத்தகைய பிள்ளையை முதல்நாளே மேடையேற்றுவது பிரயோசனமில்லை. இரண்டு தோழர்கள் முன்னிலையில், பிறகு ஐந்து பேர் முன்னிலையில் என்று படிப்படியாகப் பேசப் பழக்கலாம். அவன் பேசும்போது ஆசிரியர் குறிப்பில்லாத முகத்தோடு இராமல் தலையசைத்துக் கேட்கலாம். பேசி முடித்தவனிடம், குரல் நடுங்கியது என்றோ நடுங்கவில்லை என்றோ சொல்லாமல், அவன் பேசிய விஷயத்தைப் பற்றியே ஒரு கேள்வி கேட்டால், தன் குரலில் இருக்கும் கவனத்தை விட்டு விஷயத்துக்கு வந்து அவன் விடை சொல்லத் தொடங்குவான்.